டெங்கு எண்ணிக்கை எப்போதும் தாமதமாகவே வரும்: தொற்றுநோயியலின் அடிப்படைகள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் ஆண்டுதோறும் ஒரே மாதிரியான செய்திகள் வரும். டெங்கு பாதிப்பு இரு மடங்கு, இத்தனை பேர் மருத்துவமனையில் அனுமதி, பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை. இரண்டொரு நாளில் தெருவுக்குப் புகை மருந்து அடிக்கும் வண்டி வரும். செய்தியைப் படிப்பவருக்குச் சில கேள்விகள் எழுவது இயல்பு. இந்த எண்கள் எந்த நாளின் நிலவரம்? போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்றால் நோய் கூடியிருக்கிறதா, பரிசோதனை கூடியிருக்கிறதா? புகை அடித்தும் ஏன் குறையவில்லை?

இவற்றுக்கான விடைகள் தொற்றுநோயியலின் சில அடிப்படைக் கருத்துகளில் இருக்கின்றன. அவற்றில் டெங்குவுக்கு மிக முக்கியமானது இது: மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறும் எண், நோய் பரவுவதற்குப் பல நாள் பின்தங்கித்தான் வரும். அந்த எண் ஏறிய பிறகு கொசுவைத் தேடத் தொடங்கினால், பரவலின் ஒரு சுற்று முடிந்த பிறகுதான் தேடுகிறோம்.

எண்ணிக்கை வேறு, வீதம் வேறு

ஒரு மருத்துவர் தன் முன்னால் இருக்கும் நோயாளியைப் பார்க்கிறார். தொற்றுநோயியல் ஓர் ஊரையே நோயாளியாகப் பார்க்கிறது. யாருக்கு, எங்கே, எப்போது நோய் வருகிறது என்று எண்ணி, அதிலிருந்து ஏன் வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. எண்ணுவதற்குச் சில அளவுகள் உண்டு.

1. புதிய நோயாளி வீதம்: குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மக்கள்தொகையில் புதிதாக நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்பது. ஒரு லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம்.

2. நிலவும் நோய் அளவு: இன்றைக்கு அந்த நோயோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது. சர்க்கரை நோய், காசநோய் போல நீண்ட நாள் இருக்கும் நோய்களுக்கு இது முக்கியம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் டெங்குவுக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

3. தாக்க வீதம்: ஒரு தெரு, ஒரு விடுதி, ஒரு பள்ளி எனச் சிறிய இடத்தில் நோய் வெடிக்கும்போது, அங்கு இருந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு வந்தது என்பது.

4. நோயாளி இறப்பு விகிதம்: நோய் வந்தவர்களாகப் பதிவானவர்களில் எத்தனை சதவீதம் பேர் இறந்தார்கள் என்பது.

இவற்றை உண்மையான எண்களில் வைத்துப் பார்க்கலாம். மத்திய அரசின் பூச்சிவழி நோய்த் தடுப்புத் திட்டப் பதிவின்படி, தமிழ்நாட்டில் 2012-இல் 12,826 பேருக்கு டெங்கு. 66 பேர் இறந்தனர். 2016-இல் 2,531 பேருக்கு, 5 இறப்பு. அடுத்த ஆண்டே, 2017-இல், 23,294 பேருக்கு, 65 இறப்பு. 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்கள்தொகையால் வகுத்தால், 2012-இல் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 18, 2017-இல் 32.

இறப்பு விகிதம் 2012-இல் 0.51 சதவீதம், 2017-இல் 0.28 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது. இதைப் பார்த்து "நோயின் வீரியம் குறைந்துவிட்டது" என்று யாராவது எழுதினால் நம்பிவிட வேண்டாம். இந்த விகிதம் குறைய மூன்று காரணங்கள் இருக்கலாம். சிகிச்சை மேம்பட்டிருக்கலாம். வைரஸின் வகை மாறியிருக்கலாம். அல்லது பரிசோதனை அதிகமாகி, முன்பு கணக்கில் வராத லேசான நோயாளிகளும் வகுக்கும் எண்ணில் சேர்ந்திருக்கலாம். வெறும் விகிதத்தை வைத்து மூன்றில் எது என்று பிரிக்கவே முடியாது. அந்தந்த ஆண்டில் எத்தனை ரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்டன, அதில் எத்தனை சதவீதம் டெங்கு என்று வந்தது என்ற இரண்டு எண்களும் வேண்டும். அரசுச் செய்திக்குறிப்புகளில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை. டெங்கு எண்ணிக்கையை வெளியிடும் ஒவ்வொரு முறையும் இவ்விரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும்; அவை இல்லாமல் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

யாரை நோயாளி என்று எண்ணுகிறோம்?

எண்ணுவதற்கு முன் வரையறை வேண்டும். திடீர்க் காய்ச்சலோடு தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடல்வலி, மூட்டுவலி, தடிப்பு, ரத்தக்கசிவு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால் அவர் சந்தேக நோயாளி. விரைவுப் பரிசோதனை அட்டையில் டெங்கு என்று வந்தால் அவர் டெங்குவாக இருக்க வாய்ப்புள்ளவர். எலிசா என்ற ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானால்தான் அரசுக் கணக்கில் உறுதி செய்யப்பட்ட டெங்கு நோயாளி. தனியார் ஆய்வகத்தில் அட்டைப் பரிசோதனையில் டெங்கு என்று வந்த ஒருவர் அரசு எண்ணிக்கையில் இல்லாமல் போவதற்கு இது ஒரு காரணம். இதை மறைப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த வரையறையில் எண்ணப்பட்டது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் வெளியிடும்போது சந்தேகம் வரத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது. டெங்கு வைரஸ் உடலில் புகுந்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அறிகுறியே தெரிவதில்லை, அல்லது பொருட்படுத்தாத அளவு லேசாக வந்துபோகிறது. 2013-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று ஆண்டுக்கு 39 கோடித் தொற்றுகள் என்றது. அதில் நோயாக வெளிப்படுவது 9.6 கோடி. காய்ச்சல் வராதவரைக் கடித்த கொசுவும் வைரஸை எடுத்துச் செல்ல முடியும். ஆகவே மருத்துவமனையில் ஒருவர் சேர்ந்தார் என்றால், அவர் தெருவில் வைரஸ் ஏற்கெனவே பல உடல்களுக்குள் போய் வந்திருக்கும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

டெங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தாவுவதில்லை. நடுவில் ஏடிஸ் எஜிப்டி என்ற கொசு வேண்டும். ஒரு சுற்றை நாள் கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

1. ஒருவருக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. இதை 0-ஆம் நாள் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, காய்ச்சல் இருக்கும் ஐந்து நாள் வரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும்.

2. அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் பெண் கொசுவின் வயிற்றுக்குள் வைரஸ் போகிறது. உடனே அந்தக் கொசுவால் பரப்ப முடியாது. வைரஸ் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர 8 முதல் 12 நாள் ஆகும். வெயில் கூடினால் இந்தக் காலம் சுருங்கும்.

3. ஏறக்குறைய 10 முதல் 15-ஆம் நாளில் அந்தக் கொசு அடுத்தவரைக் கடிக்கிறது.

4. கடிபட்டவருக்கு 4 முதல் 10 நாள் கழித்துக் காய்ச்சல் வருகிறது. இதை நோயரும்பு காலம் என்பார்கள்.

5. காய்ச்சல் வந்தவர் முதலில் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் மருத்துவமனைக்கு வருவார். ரத்தம் எடுத்து, முடிவு வந்து, மாவட்டப் பதிவில் ஏறுவதற்கு மேலும் சில நாள்.

கூட்டிப் பார்த்தால், முதல் நோயாளியின் காய்ச்சலுக்கும் அவரால் வந்த இரண்டாம் நோயாளியின் காய்ச்சலுக்கும் இடையில் இரண்டு முதல் மூன்று வாரம். பதிவாகும் தாமதம் அதற்கு மேல். கொசுவின் வயதையும் சேர்க்க வேண்டும்: முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக 7 முதல் 10 நாள். ஆக, இன்று நாளிதழில் வரும் எண், ஒரு மாதத்துக்கு முன் யாரோ மூடாமல் விட்ட தண்ணீர்த் தொட்டியின் கணக்கு. நவம்பர் நடுவில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கிறது என்றால், அதைத் தடுத்திருக்க வேண்டிய வேலை அக்டோபர் நடுவில் நடந்திருக்க வேண்டும். அப்போது எண்ணிக்கை குறைவாக இருந்திருக்கும். யாருக்கும் அவசரம் இருந்திருக்காது.

நோயாளிக்கு முன்னால் புழுவை எண்ணுவது

காய்ச்சல் எண்ணிக்கைக்காகக் காத்திராமல், தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவை எண்ணுவதற்கு மூன்று குறியீடுகள் உண்டு. 100 வீடுகளில் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வீடுகளில் தண்ணீர் இருக்கும் கலன்கள் 400. புழு இருந்த வீடுகள் 12. புழு இருந்த கலன்கள் 18.

1. வீட்டுக் குறியீடு: புழு இருந்த வீடுகளின் சதவீதம். 12.
2. கலன் குறியீடு: புழு இருந்த கலன்களின் சதவீதம். 4.5.
3. பிரெட்டோ குறியீடு: 100 வீட்டுக்கு எத்தனை புழுக் கலன்கள். 18.

வீட்டுக் குறியீடு 10-ஐத் தாண்டினாலோ, பிரெட்டோ குறியீடு 50-ஐத் தாண்டினாலோ ஆபத்து அதிகம் என்பது வழக்கில் உள்ள அளவுகோல். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு கொட்டாங்குச்சியும் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியும் இந்தக் கணக்கில் ஆளுக்கு ஒரு கலன்தான். கொட்டாங்குச்சியில் சில புழுக்கள் வளரும். தொட்டியில் நூற்றுக்கணக்கில் வளரும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கூட்டுப்புழுவைத் தனியாக எண்ணச் சொல்கிறார்கள். காற்புள்ளி போல வளைந்து, தலை பெருத்து இருக்கும் கூட்டுப்புழு இரை தின்பதில்லை. பெரும்பாலானவை ஓரிரு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். எந்த வகைக் கலனில் கூட்டுப்புழு அதிகமோ, அந்த ஊரின் டெங்கு அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டில் நாமே பார்ப்பது எளிது. டார்ச்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரின் மேல் அடித்து, சில நொடி அசையாமல் இருக்க வேண்டும். ஏடிஸ் புழு தலைகீழாக, வாலிலுள்ள குட்டையான மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு தொங்கும். கை நிழல் பட்டாலோ தண்ணீர் ஆடினாலோ நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் மூச்சுக்காக மேலே வரும். மலேரியா பரப்பும் அனாபிலஸ் புழு நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். சாக்கடையில் நெளிபவை பெரும்பாலும் வேறு வகை. ஏடிஸுக்கு வேண்டியது வீட்டுப் பாத்திரத்திலும் தொட்டியிலும் தேங்கும் தெளிந்த தண்ணீர். டெங்கு என்றதும் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவுவதால் ஏடிஸ் குறைவதில்லை.

மழை மட்டுமா காரணம்?

மழைக்குப் பின் டெங்கு வருவது உண்மை. மொட்டை மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பா, பழைய டயர், வாசலில் புழங்காமல் கிடக்கும் ஆட்டுக்கல், காலியிடத்தில் எறிந்த பிளாஸ்டிக் கப் எல்லாம் நிரம்பிவிடும். ஆனால் தண்ணீர்ப் பஞ்சமும் டெங்குவைக் கொண்டுவரும். குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், கிடைக்கும்போது டிரம், அண்டா, குடம் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பதைத் தவிர வழியில்லை. அந்த ஐந்து நாளில் மேலே எடுத்துப் புழங்கப் புழங்க, அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் மாறாமலே இருக்கும். அடுத்த முறை குழாய் திறக்கும்போது அதன் மேலேயே புதுத் தண்ணீர் விழும். புழுவுக்கு வேண்டிய ஏழு நாள் அந்த அடித் தண்ணீரில் கிடைத்துவிடும்.

இதைச் சொல்லாமல் வீட்டுக்காரர்களுக்கு அபராதம் மட்டும் விதிப்பது நியாயமில்லை. தினமும் தண்ணீர் விடும் நகராட்சி, கொசு ஒழிப்பில் பாதி வேலையை முடித்துவிடுகிறது.

கொசுவின் முட்டையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை; தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, கலனின் ஈரமான உட்சுவரில் ஒட்டி இடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் பல மாதம் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். மீண்டும் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். ஆகவே தொட்டியைக் காலி செய்வது மட்டும் போதாது. வாரம் ஒருமுறை:

1. தண்ணீரை முழுதும் கவிழ்த்து ஊற்ற வேண்டும். கொட்டுவது மண் தரையாக இருந்தால் நல்லது.
2. உட்சுவரை, முக்கியமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்தின் கோட்டை, தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும்.
3. ஒருமுறை அலசி, முடிந்தால் சிறிது நேரம் வெயிலில் காயவிட வேண்டும்.
4. மறுபடி பிடித்ததும் மூட வேண்டும். பலகையோ தகரமோ வைத்தால் ஓரத்தில் இடைவெளி இருக்கும். கொசுவுக்கு அது போதும். மெல்லிய துணியைப் போட்டுச் சுற்றிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது மேல். துணி தொய்ந்து தண்ணீரைத் தொடக் கூடாது.

வாரம் ஒருமுறை என்பதற்குக் காரணம், முட்டை கொசுவாகக் குறைந்தது ஏழு நாள் ஆகும் என்பதுதான். பத்து நாளைக்கு ஒருமுறை செய்தால் பலன் பெருமளவு போய்விடும். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, ஏர்கூலர், பூந்தொட்டியின் அடித்தட்டு, மணி பிளான்ட் பாட்டில் ஆகியவை மறந்துபோகும் இடங்கள்.

கவிழ்க்க முடியாத பெரிய தொட்டிக்கும் சம்ப்புக்கும் அபேட் என்று வழங்கும் டெமிபாஸ் மருந்து. அதன் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு சதவீத மணல் குருணையாக இருந்தால் 100 லிட்டருக்கு 10 கிராம் என்று கணக்கு வரும். தண்ணீர் மாற மாற மருந்தும் நீர்த்துப்போகும். ஊற்றியவர் போன மறுநாளே தொட்டியைக் காலி செய்து புதிதாகப் பிடித்தால், தொட்டியில் மருந்து இல்லை. கிணற்றுக்குக் கம்பூசியா, கப்பி மீன்கள் நல்ல வழி.

புகை மருந்து ஏன் ஏமாற்றுகிறது?

மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். பிறகு ஜார்ஜ் மெக்டொனால்டு அதன் பரவலைக் கணக்காக வடித்தார். அந்தக் கணக்கின் ஒரு பகுதி டெங்குவுக்கும் பொருந்தும்: கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுள் முக்கியம். வைரஸ் முதிர 10 நாள் வேண்டும். ஒரு நாளில் கொசு பிழைக்கும் வாய்ப்பு 90 சதவீதம் என்றால், 10 நாள் பிழைப்பவை 35 சதவீதம். அதே வாய்ப்பு 80 சதவீதமாகக் குறைந்தால், 10 நாள் பிழைப்பவை வெறும் 11 சதவீதம். தினசரிப் பிழைப்பில் சிறு குறைவு, பரவலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டிவிடுகிறது.

இதன்படி பார்த்தால் வளர்ந்த கொசுவைக் கொல்லும் புகைதானே சிறந்த ஆயுதம்? கொசு புகையில் மாட்டினால், ஆம். ஆனால் ஏடிஸ் தெருவில் இருப்பதில்லை. கட்டிலுக்கு அடியில், ஆணியில் தொங்கும் சட்டைக்குப் பின்னால், அலமாரி மூலையில், இருட்டான இடங்களில் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கும் புகையைக் கண்டதும் வீட்டுக்காரர்கள் கதவையும் சன்னலையும் சாத்திவிடுகிறார்கள். புகை மருந்து காற்றில் மிதக்கும் நேரம்தான் வேலை செய்யும். மறுநாள் பொரிந்து வரும் கொசுவை அது ஒன்றும் செய்யாது. முட்டைக்கும் புழுவுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

புகைக்கு ஓர் இடம் உண்டு. நோயாளியின் வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே அடித்து, கதவை மூடி வைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடி அடிப்பது. ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்பதால் இந்தச் சிறு வட்டமே போதும். வண்டியில் ஊர் முழுக்க அடிப்பது கண்ணுக்குத் தெரியும் வேலை. வீடு வீடாக ஏறித் தொட்டி பார்க்கும் டிபிசி (வீட்டுக் கொசுப்புழுச் சோதனை) பணியாளர்களின் வேலை படமாக வராது. அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் தினக்கூலிகள். காய்ச்சல் எண்ணிக்கை ஏறும்போது ஆள் சேர்த்து, இறங்கும்போது குறைக்கும் முறை, மேலே சொன்ன தாமதக் கணக்கை அப்படியே தலைகீழாக்குகிறது. ஆள் அதிகம் வேண்டியது காய்ச்சல் இல்லாத மாதங்களில்.

பரிசோதனை முடிவை நம்பலாமா?

எந்தப் பரிசோதனைக்கும் இரண்டு குணங்கள் உண்டு. நோய் உள்ளவரை உண்டு என்று சொல்லும் திறன் ஒன்று. நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்லும் திறன் மற்றொன்று. முதலாவது 80 சதவீதம், இரண்டாவது 90 சதவீதம் உள்ள ஒரு விரைவு அட்டை இருப்பதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்.

டெங்கு பருவத்தில் காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 400 பேருக்கு உண்மையில் டெங்கு என்றால், அட்டை 320 பேரைச் சரியாகவும், 60 பேரைத் தவறாகவும் டெங்கு என்று காட்டும். உண்டு என்று வந்தால் 84 சதவீதம் உண்மை. கோடையில் 1,000 பேரில் 50 பேருக்குத்தான் டெங்கு என்றால், சரியாக 40, தவறாக 95. உண்டு என்று வந்தாலும் 30 சதவீதம்தான் உண்மை. அட்டை அதேதான், ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவின் மதிப்பு மாறுகிறது. பருவத்தில் இதன் மறுபக்கமும் கவனிக்க வேண்டியது: இல்லை என்று வந்த 620 பேரில் 80 பேருக்கு டெங்கு இருக்கும். அட்டையில் இல்லை என்று வந்ததால் ஆபத்து அறிகுறியைப் புறக்கணிப்பது உயிருக்கு ஆபத்து.

எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்பதும் உண்டு. காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதன்பின் வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் எடுத்து "டெங்கு இல்லை" என்று நிம்மதி அடைவது வீண். ஐஜிஎம் ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம்கூட இருக்கும் என்பதால், பழைய தொற்றும் புதியதாகத் தெரியலாம்.

எதிர்ப்பாற்றல் இங்கே நேர்க்கோட்டில் போவதில்லை

ஒரு நோயாளி, யாருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊரில், சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பது அடிப்படைப் பரவல் எண். தட்டம்மைக்கு இது 12 முதல் 18. இந்த எண்ணால் ஒன்றை வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழித்தால், பரவல் நிற்க எத்தனை பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும் என்று கிடைக்கும்: தட்டம்மைக்கு 92 முதல் 94 சதவீதம். தடுப்பூசி போடாத சிலரையும் போட்டவர்கள் காப்பாற்றும் இந்த நிலைக்குச் சமூக எதிர்ப்பாற்றல் என்று பெயர்.

டெங்குவில் நான்கு வகை வைரஸ்கள். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நெடுநாள் எதிர்ப்பாற்றல். மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். அதன்பின் வேறு வகை வரும்போது, பழைய எதிர்ப்பொருள் புதிய வைரஸை முடக்காமல் ஒட்டிக்கொண்டு, அது ரத்த அணுக்களுக்குள் புக வழி செய்துவிடக்கூடும். இரண்டாம் முறை டெங்கு தீவிரமாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இலங்கையில் 2017-இல் 1,86,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் முதல் வகை மேலோங்கியிருந்த நாட்டில் இரண்டாம் வகை திரும்பிப் பரவியது அதற்கு ஒரு பெரிய காரணம்.

சிங்கப்பூரின் அனுபவம் இன்னும் ஆழமானது. 1960-களின் இறுதியில் தொடங்கிய கடும் கொசு ஒழிப்பால் வீட்டுக் குறியீடு ஏறக்குறைய 2-க்கு இறங்கியது. பதினைந்து ஆண்டு போல நோய் அடங்கியிருந்தது. 1990-களில், குறியீடு குறைவாக இருந்தபோதே, நோய் திரும்பியது. காரணம், அந்த ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறைக்குத் தொற்றே வராததால் எதிர்ப்பாற்றல் இல்லை. பரவ மிகக் குறைந்த கொசுக்களே போதுமானதாக இருந்தன. வீட்டுக்கு வெளியே, வேலையிடங்களிலும் பள்ளிகளிலும் கடிபடுவதும் சேர்ந்தது. கொசு ஒழிப்பு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. வெற்றி பெற்ற ஊர் முன்னைவிடக் கடுமையாகத் தொடர வேண்டியிருக்கும் என்றே பொருள்.

தடுப்பூசி தாமதமாவதற்கும் வைரஸ் நான்கு வகையாக இருக்கும் சிக்கல்தான் காரணம். பிலிப்பைன்ஸ் 2016-இல் டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசியைப் பள்ளிக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு ஊசிக்குப் பின் வரும் தொற்று தீவிரமாகக்கூடும் என்று 2017 நவம்பரில் அதன் தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது, திட்டம் நின்றது. ஊசியே முதல் தொற்று போல வேலை செய்துவிட்டது என்பது விளக்கம். கியூடெங்கா என்ற தடுப்பூசியைப் பரவல் அதிகமுள்ள இடங்களில் 6 முதல் 16 வயதினருக்கு, மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசியாக, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் பனேசியா பயோடெக் நிறுவனத்தின் டெங்கிஆல் என்ற ஒரே ஊசித் தடுப்பு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொசுவுக்குள் செலுத்தி, வைரஸ் அதில் பெருகாமல் தடுப்பது இன்னொரு வழி. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நடந்த ஆய்வில் இது டெங்குவை 77 சதவீதம் குறைத்தது. புதுச்சேரியில் உள்ள பூச்சிவழி நோய் ஆய்வு மையமும் இத்தகைய கொசுவை உருவாக்கியிருக்கிறது.

நோயாளி வீட்டில் இருக்கும்போது

1. காய்ச்சல் உள்ளவர் பகலிலும் கொசுவலைக்குள் இருக்க வேண்டும். ஏடிஸ் கடிப்பது காலையிலும் மாலை இருட்டுவதற்கு முன்பும். அவருக்கு நோய் வந்துவிட்டது. வலை அவருக்காக அல்ல, அடுத்த அறையில் இருக்கும் குழந்தைக்காக.

2. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ரத்தக்கசிவைக் கூட்டும்.

3. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், தள்ளாட்டம், குழந்தை சோர்ந்தோ எரிச்சலோடோ இருத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நிமிடமே மருத்துவமனை. இந்தக் கட்டத்தில் அளவறிந்து நரம்பு வழி நீர் ஏற்றினால் இறப்பு ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும். ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றாததும் தவறு, தேவைக்கு மேல் ஏற்றி நுரையீரலில் நீர் கோப்பதும் தவறு.

4. குடும்பத்தார் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மருத்துவர் அதோடு சேர்த்துப் பார்ப்பது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது முந்தைய அளவைவிட 20 சதவீதம் ஏறினால் நீர் கசிகிறது என்று பொருள். ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 10,000-க்குக் கீழே போகாதவரை ஏற்றத் தேவையில்லை என்பதே இந்தியச் சிகிச்சை வழிகாட்டுதல். 40,000 என்று வந்ததும் தட்டணு கொடுப்பவரைத் தேடி ஊரெல்லாம் அலைவதைவிட, நோயாளி எவ்வளவு குடித்தார், எத்தனை முறை சிறுநீர் போனார் என்று ஒரு தாளில் நேரத்தோடு குறித்து மருத்துவரிடம் காட்டுவது அதிகம் உதவும்.